116 ஜெயிச்சவன் வீட்டுக்கு, 95 ஜெயிச்சவன் ஃபைனலுக்கு: ஒரு எக்செல் கணக்கு

முதல்லயே ஒரு உண்மையை ஒத்துக்கறேன். பேஸ்பால் எனக்கு திரையில பார்த்துதான் பழக்கம். மட்டையைக் கையில பிடிச்சு ஒரு பந்துகூட அடிச்சதில்ல. ஆனா அந்த விளையாட்டோட புள்ளிவிவரம்னா எனக்கு ஒரு கிறுக்கு. நூறு வருஷத்துக்கு மேல ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கணக்கு எழுதி வெச்சிருக்காங்க. கணக்குப் பிடிச்சவனுக்கு அது பலாப்பழம் மாதிரி, உரிக்க உரிக்க சுளை வந்துகிட்டே இருக்கும். அப்படி உரிக்கும்போது கையில ஒட்டின பிசின் மாதிரி ஒரு கேள்வி என்னை விடவே மாட்டேங்குது. அதைத்தான் இன்னிக்கு உங்க கையிலயும் தடவி விடப்போறேன் :-)

2001-ம் வருஷம். அமெரிக்காவோட வடமேற்கு மூலையில இருக்கற சியாட்டில் மரினர்ஸ் அணி, சீசன்ல ஆடின 162 ஆட்டத்துல 116 ஜெயிச்சது. 1906-ல சிகாகோ கப்ஸ் ஜெயிச்சதும் 116தான். அதைத் தாண்டி ஒரே சீசன்ல இன்னிக்கு வரைக்கும் எந்த அணியும் ஜெயிக்கல. அப்பேர்ப்பட்ட மரினர்ஸ், அமெரிக்கன் லீக் இறுதிச் சுற்றுல நியூயார்க் யாங்கீஸைச் சந்திச்சது. யாங்கீஸ் அந்த சீசன்ல ஜெயிச்சது 95தான். நாலு ஆட்டம் முதல்ல ஜெயிக்கறவங்களுக்கு லீக் கோப்பை. யாங்கீஸ் 4-1னு முடிச்சு, மரினர்ஸை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

ஆறு மாசம் நாட்டையே அடிச்சு நொறுக்கின அணி, ஒரு வாரத்துல "முக்கியமான நேரத்துல சொதப்பற கூட்டம்" ஆயிடுச்சு. இது நியாயமா? இதுதான் என் கேள்வி. பதில் சொல்ல எனக்கு ஒரு எக்செல் ஷீட்டும் ப்ளஸ் டூ நிகழ்தகவுப் பாடமும் போதுமா இருந்துச்சு. (எக்செல் இல்லேன்னா லிப்ரே ஆபீஸ், கூகுள் ஷீட்ஸ் எதுவும் ஓகே. ஜாதி பேதம் இல்ல.)

கட்டம் கட்டமா ஒரு கணக்கு

ஷீட்டைத் திறங்க. ஒரு அணியோட வெற்றி எண்ணிக்கையை அதோட மொத்த ஆட்டத்தால வகுங்க. மரினர்ஸுக்கு 116 ÷ 162 = 0.716. இதுக்கு 'அ'னு பேர் வைப்போம். யாங்கீஸ் 95 வெற்றி, 65 தோல்வி, அதாவது 0.594. இது 'ஆ'. இப்ப 'அ' அணி 'ஆ' அணியை ஒரு ஆட்டத்துல ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு?

பில் ஜேம்ஸ்னு ஒருத்தர். கன்சாஸ் மாநிலத்துல, பீன்ஸும் பன்னிக்கறியும் டப்பாவுல அடைக்கற ஃபேக்டரியில ராத்திரிக் காவல் வேலை பார்த்தவர். காவல் நேரத்துல பேஸ்பால் கணக்கு போட்டு, 1977-லேர்ந்து தானே புத்தகமா அச்சடிச்சு வித்தவர். (நாமளும்தான் ராத்திரி முழிக்கிறோம், என்னத்தைப் பண்ணினோம்?) அவர் 1981-ல குடுத்த சூத்திரத்துக்கு லாக்5னு பேரு. பேருதான் பயமா இருக்கும், விஷயம் சின்னது.

அ × (1 − ஆ). இது "நாம ஜெயிக்கற தரம், அவங்க தோக்கற தரம்".
ஆ × (1 − அ). இது "அவங்க ஜெயிக்கற தரம், நாம தோக்கற தரம்".
முதல் எண்ணை ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்தா வாய்ப்பு வந்துடும்.

சரியா இருக்கான்னு சோதிச்சுப் பாருங்க. ரெண்டு அணியும் ஒரே தரம்னா 50 சதவீதம் வரும். எதிரி பாதிக்குப் பாதி ஜெயிக்கற சராசரி அணின்னா, விடை நம்ம 'அ'வாவே வரும். 60 சதவீத அணி 40 சதவீத அணியைச் சந்திச்சா 69 சதவீதம் வரும். எல்லாமே மனசுக்கு ஒத்துப்போகுது இல்லையா? பிராட்லி, டெர்ரினு ரெண்டு புள்ளியியல்காரங்க 1952-லயே இதே கணக்கை வேற வேஷத்துல எழுதி வெச்சாங்க. செஸ்ல புள்ளி போட்டுத் தரம் பிரிக்கறாங்களே, அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

இப்ப மரினர்ஸ், யாங்கீஸ் எண்ணைப் போட்டேன். 63 சதவீதம்.

அவ்ளோதான்! எவனும் தொட முடியாத 116 வெற்றி அணிக்கு, 95 வெற்றி அணிகிட்ட ஒரு ஆட்டத்துல 63 சதவீதம். மூணு தடவை ஆடினா ஒரு தடவைக்கு மேல தோக்கறதுதான் இயல்பு.

பேஸ்பாலே அப்படிப்பட்ட ஆட்டம். 2024-ல சிகாகோ வொயிட் சாக்ஸ் 121 ஆட்டம் தோத்து நவீன காலத்துத் தோல்வி சாதனை பண்ணினாங்க. அதே வருஷம் எல்லாருக்கும் மேல இருந்தது 98 ஜெயிச்ச லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். ரெண்டு பேரையும் மோத விட்டா சூத்திரம் டாட்ஜர்ஸுக்கு 82 சதவீதம்தான் குடுக்குது. உச்சாணிக் கொம்பும் அதல பாதாளமும் மோதினாலும் ஐஞ்சாறு ஆட்டத்துக்கு ஒண்ணு பாதாளத்துக்குப் போகும்.

ஏழு ஆட்டம் போதுமா?

"சரிப்பா, ஒரு ஆட்டம்னா அதிர்ஷ்டம். அதுக்குத்தானே ஏழு ஆட்டம் வெக்கறாங்க?"னு கேப்பீங்க. அதையும் ஷீட்ல போடலாம்.

நாலு வெற்றி வேணும். கடைசி ஆட்டம் கண்டிப்பா நம்ம வெற்றி. அதுக்கு முன்னாடி நாம தோத்தது 0, 1, 2 அல்லது 3. அந்தத் தோல்விகள் எந்தெந்த வரிசையில வரலாம்னு எண்ணினா 1, 4, 10, 20 வழிகள். ஒவ்வொண்ணையும் அதோட நிகழ்தகவால பெருக்கிக் கூட்டணும். ஷீட்ல நாலு கட்டம், ஒரு கூட்டல். மரினர்ஸுக்கு வந்த விடை 77 சதவீதம். பரவாயில்லன்னு தோணும். ஆனா தோக்க 23 சதவீதம். கிட்டத்தட்ட நாலு தடவைக்கு ஒரு தடவை. 2001-ல அந்த ஒரு தடவை வந்துச்சு. அவ்ளோதான் விஷயம். இதுல சொதப்பல் எங்க வந்துச்சு?

1906-ல 116 ஜெயிச்ச கப்ஸுக்கும் இதே கதிதான். அவங்க தோத்தது வெறும் 36. வேர்ல்டு சீரிஸ்ல அதே ஊர் வொயிட் சாக்ஸ்கிட்ட 4-2னு கவுந்தாங்க. சூத்திரப்படி கப்ஸுக்கு 83 சதவீதம் இருந்துச்சு. (அப்ப ரெண்டு லீக்கும் சீசன்ல ஒண்ணோட ஒண்ணு மோதறதே கிடையாது. அதனால இந்த 83ஐக் கொஞ்சம் உப்பு சேர்த்துச் சாப்பிடணும்.)

இன்னும் பக்கத்துல வருவோம். 2022-ல டாட்ஜர்ஸ் 111 ஜெயிச்சு, 89 ஜெயிச்ச சான் டியேகோ பாட்ரேஸ்கிட்ட அஞ்சு ஆட்டத் தொடர்ல 3-1னு தோத்தாங்க. ஷீட் டாட்ஜர்ஸுக்கு 75 சதவீதம் சொல்லுது. 2023-ல அதே டாட்ஜர்ஸ் 100 ஜெயிச்சு, 84 ஜெயிச்ச அரிசோனா டைமண்ட்பேக்ஸ்கிட்ட 3-0. ஷீட் சொன்னது 68. அதே வருஷம் 104 ஜெயிச்ச அட்லாண்டா பிரேவ்ஸ், 90 ஜெயிச்ச ஃபிலடெல்ஃபியாகிட்ட 3-1. ஷீட் சொன்னது 66.

"அப்ப உன் ஷீட் அஞ்சு தடவை தப்பாயிடுச்சே தம்பி!"

இங்கதான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க. 70 சதவீதம்னு சொன்னா, "ஜெயிப்பான்"னு சொன்னதா அர்த்தம் இல்ல. அப்படிச் சொன்ன நூறு தொடர்ல சுமார் முப்பது தோக்கணும். நூறும் ஜெயிச்சாதான் என் ஷீட் பொய் சொல்லுதுன்னு அர்த்தம்! இன்னொண்ணும் ஒத்துக்கணும். மேல சொன்னதெல்லாம் நானே பொறுக்கி எடுத்த தோல்விகள். பொறுக்கி எடுத்த உதாரணத்தை வெச்சு எதையும் நிரூபிக்கலாம். அதனால பொறுக்காம ஒரு சோதனை பண்ணுவோம்.

பொறுக்காத சோதனை

இன்னிக்கு இருக்கற முறைப்படி (2022-லேர்ந்து), ஒவ்வொரு லீக்லயும் ஆறு அணி பிளேஆஃப் போகும். அதுல முதல் ரெண்டு அணிக்கு முதல் சுற்று கிடையாது. அதுக்கப்புறம் ஒரு அஞ்சு ஆட்டத் தொடர், ரெண்டு ஏழு ஆட்டத் தொடர். மூணையும் ஜெயிச்சாதான் சாம்பியன்.

நல்ல பலமான ஒரு அணியை எடுத்துக்குவோம். பிளேஆஃப்ல வர்ற எந்த எதிரியையும் ஒரு ஆட்டத்துல 60 சதவீதம் ஜெயிக்கற அணி. எதிரிங்க 54 சதவீத அணிகள்னா, நம்ம அணி சீசன்ல சுமார் 103 ஜெயிக்கற ராட்சசனா இருக்கணும். அவனுக்கு அஞ்சு ஆட்டத் தொடர்ல 68 சதவீதம், ஏழு ஆட்டத் தொடர்ல 71 சதவீதம். மூணு தொடரையும் பெருக்குங்க: 34 சதவீதம்.

ராட்சசனுக்கே மூணுல ஒரு பங்கு! கொஞ்சம் இளைச்சவன், ஒரு ஆட்டத்துக்கு 55 சதவீதக்காரன்னா, 22 சதவீதம்.

இப்ப நிஜத்தைப் பார்ப்போம். 2016-லேர்ந்து 2025 வரைக்கும் பத்து சீசன். சீசன்ல அதிக வெற்றி வாங்கின அணியே வேர்ல்டு சீரிஸையும் ஜெயிச்சது எத்தனை தடவை? 2016 கப்ஸ், 2018 பாஸ்டன் ரெட் சாக்ஸ், 2020 டாட்ஜர்ஸ் (கொரோனாவால 60 ஆட்ட சீசன்), 2024 டாட்ஜர்ஸ். நாலு. மிச்ச ஆறு தடவை வேற ஆளு. 2021-ல 107 ஜெயிச்ச சான் பிரான்சிஸ்கோ வெளிய போக, 88 ஜெயிச்ச அட்லாண்டா கோப்பையைத் தூக்குச்சு. 2025-ல அதிகம் ஜெயிச்ச மில்வாக்கி (97), லீக் இறுதியில 93 ஜெயிச்ச டாட்ஜர்ஸ்கிட்ட 4-0னு போச்சு. இடையில முறை மாறியிருக்கு, பத்து சீசன்ங்கறதும் சின்ன மாதிரிதான். ஆனாலும் ஷீட் சொன்ன "மூணுல ஒண்ணு" பக்கத்துலதான் நிஜமும் நிக்குது.

ஷீட்டுக்குத் தெரியாதது

நான் ஷீட்டுக்கு வக்காலத்து வாங்க வரல. அதுக்கும் குருட்டுப் புள்ளி நிறைய உண்டு.

ஒண்ணு, வெற்றிப் பதிவே முழு உண்மை இல்ல. சரியா பாதி ஜெயிக்கற தரமுள்ள அணி 162 ஆட்டம் ஆடினா 81 ஜெயிக்கணும். ஆனா வெறும் நாணயம் சுண்டற அதிர்ஷ்டத்தாலயே அது ஆறு ஆட்டம் மேலயோ கீழயோ போறது சாதாரணம் (திட்ட விலக்கம் 6.4). அதனால கணக்குக்காரங்க ஒரு வைத்தியம் பண்ணுவாங்க: ஒவ்வொரு அணிக்கும் 35 வெற்றி, 35 தோல்வி சேர்த்துட்டு அப்புறம் வகுக்கறது. சீசன் ஆரம்பத்துல ஒரு அணி 10-2னு வந்து நின்னா நேர் வகுத்தல் 83 சதவீதம்னு குதிக்கும். வைத்தியம் பண்ணினா 55. எது உண்மைக்குக் கிட்டன்னு ஜூலை வந்தா தெரியும். மரினர்ஸ், யாங்கீஸுக்கும் இதே மருந்தைக் குடுத்தேன். ஒரு ஆட்டத்துக்கு 63 இருந்தது 59 ஆச்சு. தொடருக்கு 77 இருந்தது 69 ஆச்சு. அதாவது அவங்க தோத்ததுல ஆச்சரியம் இன்னும் கம்மி.

ரெண்டு, பந்து எறியறவர் யாருன்னு ஷீட்டுக்குத் தெரியாது. சீசன்ல அஞ்சு பேர் முறை வெச்சு எறிவாங்க. பிளேஆஃப்ல நல்ல ரெண்டு மூணு பேரே திரும்பத் திரும்ப வருவாங்க. 2001 வேர்ல்டு சீரிஸ்ல அதே யாங்கீஸை அரிசோனா 4-3னு சாய்ச்சதுக்கு ராண்டி ஜான்சனும் கர்ட் ஷில்லிங்கும் முக்கிய காரணம். தொடர் நாயகன் விருதையே ரெண்டு பேரும் பங்கு போட்டாங்க. வருஷம் முழுக்க ஆடின அணி வேற, அக்டோபர்ல இறங்கற அணி வேற.

மூணு, சொந்த மைதானம். பேஸ்பால்ல உள்ளூர் அணி சுமார் 54 சதவீதம் ஜெயிக்கும். ஷீட்ல அதுக்கு ஒரு கட்டம் சேர்க்கலாம். நான் சோம்பேறித்தனத்தால விட்டுட்டேன்.

வெற்றிக்குப் பதிலா ரன்னை வெச்சும் போடலாம். எடுத்த ரன்னோட வர்க்கத்தை, எடுத்த ரன் வர்க்கம், குடுத்த ரன் வர்க்கம் ரெண்டோட கூட்டுத்தொகையால வகுக்கறது. இதுவும் பில் ஜேம்ஸ் சரக்குதான், பிதாகரஸ் பேர்ல புழங்குது. 2001 மரினர்ஸ் எடுத்தது 927, குடுத்தது 627. கணக்கு 111 வெற்றின்னு சொல்லுது. நிஜத்துல 116. அஞ்சு ஆட்டம் அதிர்ஷ்டக் காத்து அடிச்சிருக்கு. ஆனா 111-ம் ராட்சசன்தான். அவங்க உண்மையிலயே பெரிய அணி.

கவனிச்சீங்களா? இந்தத் திருத்தம் எல்லாமே சதவீதத்தைக் கொஞ்சம் அங்க இங்க நகர்த்துமே தவிர, ஒண்ணுகூட "ஏழு ஆட்டம் போதும், யாரு பெரியவன்னு தெரிஞ்சுடும்"னு சொல்லல. 60 சதவீத அணி நிச்சயமா, அதாவது நூத்துக்கு 95 தடவை, மேல வரணும்னா தொடர் சுமார் 65 ஆட்டம் நீளணும். 65 ஆட்டத் தொடர் வெச்சா அக்டோபர்ல ஆரம்பிச்சு பொங்கல் வரைக்கும் பார்க்கலாம்!

அதனால நான் கேக்கறது

பிளேஆஃப் வேண்டாம்னு சொல்றவன் இல்ல நான். அந்தப் படபடப்புக்கு ஈடு இல்லைங்கறது எனக்கும் தெரியும். 83 மட்டும் ஜெயிச்ச செயின்ட் லூயிஸ் 2006-ல கோப்பையைத் தூக்கினது அழகான கதைதான். ஆனா "யாரு அக்டோபர்ல ஜெயிச்சா?", "யாரு இந்த வருஷத்தோட சிறந்த அணி?" இது ரெண்டும் வேற வேற கேள்வி. பேஸ்பால் ரெண்டுக்கும் ஒரே கோப்பையைக் குடுத்துட்டு கைகழுவுது. 162 ஆட்டம் ஆடி எல்லாருக்கும் மேல வந்தவனுக்குன்னு தனியா ஒரு கோப்பை கிடையாது.

இது எப்பவும் இப்படி இருக்கல. 1968 வரைக்கும் ஒவ்வொரு லீக்லயும் பட்டியல்ல முதல்ல வந்த அணிக்குத்தான் 'பெனன்ட்'ங்கற லீக் பட்டம். அந்த ரெண்டு பேரும் நேரா வேர்ல்டு சீரிஸ்ல மோதுவாங்க. 1906 கப்ஸ் தோத்தாலும் பெனன்ட் அவங்களோடதுதான், அதை யாரும் பிடுங்க முடியாது. 1969-ல லீக்கை ரெண்டு ரெண்டாப் பிரிச்சு நாலு அணியாக்கினாங்க. 1995-ல எட்டு, 2012-ல பத்து, 2022-ல பன்னெண்டு. ஒவ்வொரு தடவையும் டிவிக்கு ஆட்டம் கூடிச்சு, ஆறு மாச உழைப்போட எடை குறைஞ்சுது. பெனன்டும் இப்ப பிளேஆஃப்ல ஜெயிக்கறவனுக்குத்தான். அதாவது 2001 மரினர்ஸுக்கு 116 வெற்றிக்கு அந்தப் பட்டம்கூட மிச்சமில்ல.

பக்கத்து விளையாட்டான ஐஸ் ஹாக்கியில, என்எச்எல் 1985-86 சீசன்லேர்ந்து, பட்டியல்ல முதல்ல வர்ற அணிக்குத் தனிக் கோப்பை குடுக்குது. இங்கிலாந்துக் கால்பந்துல பட்டியல்ல முதல்ல வர்றவன்தான் சாம்பியன், தனியா நாக் அவுட்டுக்கு வேற கோப்பை. ரெண்டும் நல்லாத்தான் ஓடுது. பேஸ்பால்லயும் 2023-லேர்ந்து ஒவ்வொரு அணியும் மத்த 29 அணியோடவும் மோதுது. பட்டியல் முன்னைவிட நியாயமானது. அதுல முதல்ல வர்றவனுக்கு ஒரு கோப்பை வெக்கறதுல என்ன கஷ்டம்?

"பட்டியலும் அதிர்ஷ்டம்தானே, நீயே ஆறு ஆட்டம் முன்னப் பின்ன ஆகும்னு சொன்னியே?"னு மடக்குவீங்க. ஆமாம், பட்டியலும் தப்பு பண்ணும். 97-க்கும் 95-க்கும் நடுவுல யாரு பெரியவன்னு அதால சொல்ல முடியாது. ஆனா 162 ஆட்டத்தோட தப்பையும் அஞ்சு ஆட்டத்தோட தப்பையும் ஒரே தராசுல வெக்க முடியாது. பெரிய மாதிரி சின்ன மாதிரியைவிட உண்மைக்குக் கிட்ட வரும். புள்ளியியல் வாத்தியார் முதல் வகுப்புல சொன்னது அதுதானே?

கோப்பை அவங்க குடுக்கறாங்களோ இல்லையோ, நம்ம கையில ஒண்ணு இருக்கு. ஒரு பெரிய அணி அக்டோபர்ல தோக்கும்போது "சொதப்பிட்டான், தைரியம் இல்ல, பெரிய மேடையில கை நடுங்கிடுச்சு"னு கதை கட்டறதுக்கு முன்னாடி ஷீட்டைத் திறந்து ரெண்டு எண்ணைப் போட்டுப் பாருங்க. 23 சதவீதம்னு வந்தா, நடந்தது 23 சதவீதம். அதுக்கு மனோதத்துவம் தேவையில்ல. மரினர்ஸ் இன்னிக்கு வரைக்கும் ஒரு வேர்ல்டு சீரிஸ்லகூட ஆடினதில்ல. ஆனா 2001-ல அவங்க செஞ்சது கோப்பை இல்லாததால சின்னதாயிடல.

பி.கு.: ஷீட்டை நீங்களே போட்டுப் பாருங்க, அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனா அதை வெச்சு யார்கிட்டயாவது பந்தயம் கட்டி, "60 சதவீதம்னு சொன்னியே"னு என்கிட்ட சண்டைக்கு வந்தா, மேல எழுதினதை மறுபடி முதல்லேர்ந்து படிக்கச் சொல்லுவேன் :-)